இசையாக்க மென்பொருளில் சுருதியமைப்பு வசதியும் பண்ணாய்வும்: ஏபிள்டன் லைவ் 12 பதிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ஏபிள்டன் லைவ் 12 என்னும் இசையாக்க மென்பொருள், பயனர் தாமே வரையறுக்கும் சுருதியமைப்பைப் பணிக்கோப்பு முழுவதற்கும் பொருத்தும் வசதியை அறிமுகப்படுத்தியது. விசைப்பலகையின் பன்னிரு சம இடைவெளிகளுக்குள் அடங்காத இசை மரபுகளை ஆராய்வோர்க்கு இவ்வசதி பயன்படத்தக்கது. இக்கட்டுரை, அவ்வசதி செயற்படும் முறையை விளக்கி, சிலப்பதிகார உரைமரபு கூறும் 22 அலகுக் கணக்கையும் ஆபிரகாம் பண்டிதரின் 24 அலகுக் கொள்கையையும் அதன்வழி ஒலிவடிவில் ஒப்பிடும் நெறியை எடுத்துரைக்கிறது. சுர இடங்களை வரையறுக்கும் கருவி, சுரங்களின் அசைவை வரையறுப்பதில்லை என்பதும், அரியலூர், பெரம்பலூர் மாவட்டக் கோயில்களில் செய்யப்படும் பண்ணிசைப் பதிவுகளைக் கையாள்கையில் இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது என்பதும் இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: சுருதியமைப்பு, அலகு, பண், வட்டப்பாலை, கமகம், மிடி, இசையாக்க மென்பொருள்

முன்னுரை

அரியலூர் மாவட்டம் பண்ணிசை வரலாற்றில் தனியிடம் பெற்ற நிலப்பகுதியாகும். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடி, தேவார மூவராலும் பாடப்பெற்ற தலம். கீழப்பழுவூர், கோவிந்தபுத்தூர் ஆகியவையும் பாடல் பெற்ற தலங்கள். கங்கைகொண்ட சோளேச்சரத்தின்மீது கருவூர்த் தேவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அண்டை மாவட்டமான பெரம்பலூரில் இயங்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் தேவாரமும் நாகசுரமும் தவிலும் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. பதிகங்கள் தோன்றிய தலங்களும் அவற்றை இன்று பயிற்றுவிக்கும் நிறுவனமும் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் அமைந்திருப்பது கள ஆய்வாளர்க்கு வாய்ப்பான சூழல்.

இப்பகுதியில் பதிவு செய்யப்படும் பாடல்கள் இன்று பெரும்பாலும் கணினியில் ஏற்றப்பட்டே கேட்கவும் வெட்டவும் தூய்மை செய்யவும் ஆராயவும் படுகின்றன. அதற்குப் பயன்படும் மென்பொருள்கள் மேலை வெகுசன இசைக்காக வடிவமைக்கப்பட்டவை. ஒரு தாயிக்குப் பன்னிரண்டு சுரங்கள், அவற்றுக்கிடையே சமமான இடைவெளி என்னும் முன்முடிபு அவற்றின் அடித்தளத்திலேயே அமைந்துள்ளது. இம்முன்முடிபு, ஓதுவார் பாடும் பண்ணைப் பற்றிய ஆய்வு முடிவிலும் ஆய்வாளர் அறியாமலே கலந்துவிடக்கூடும். எனவே, அண்மைப் பதிப்புகளில் இம்முன்முடிபை நெகிழ்த்தும் வகையில் நிகழ்ந்துள்ள மாற்றத்தைத் தமிழிசை ஆய்வின் நோக்கிலிருந்து விளக்குவது தேவையாகிறது.

1. பன்னிரண்டு என்னும் எல்லை

மின்னணு இசைக்கருவிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான மிடி நெறிமுறை 1983இல் நடைமுறைக்கு வந்தது. அந்நெறிமுறையில் ஒரு சுரம் 0 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. எண் 60 என்பது விசைப்பலகையின் நடு ‘சி’ விசை. 61 என்பது அதற்கடுத்த விசை. எண்ணுக்கு எந்த அதிர்வெண் என்பதைக் கருவியே முடிவு செய்கிறது. ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் ஒரு தாயியைப் பன்னிரண்டு சமக் கூறுகளாகப் பகுக்கும் முறையையே இயல்புநிலையாகக் கொண்டிருந்தன.

சுர இடைவெளிகளை அளக்க அலெக்சாண்டர் எல்லிஸ் 1885ஆம் ஆண்டுக் கட்டுரையில் கையாண்ட சென்ட் என்னும் அலகு இன்றும் வழக்கிலுள்ளது. ஒரு தாயி 1200 சென்ட். சமப்பகுப்பு முறையில் அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையே 100 சென்ட். இம்முறைக்கு எதிரான மறுப்பு இந்தியாவில் புதிதன்று. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்கு அக்கருவியின் நிலைத்த சுருதியும் கமக இயலாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன.

மிடியில் சுரத்தை வளைக்க வழியில்லாமலில்லை. சுரவளைவுச் செய்தி 16,384 படிகளைக் கொண்டது. ஆயினும் அது ஒரு தடத்திலுள்ள எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைக்கும். ஒரு சுரம் நிலையாக நிற்க மற்றொன்று அசைய வேண்டுமெனில் அவை தனித்தனித் தடங்களில் இருக்க வேண்டும். 2018இல் ஏற்கப்பெற்ற எம்.பி.இ. என்னும் விரிவு இதனையே முறைப்படுத்தி, ஒவ்வொரு சுரத்திற்கும் தனித் தடம் ஒதுக்கித் தனி வளைவு தருகிறது. அதில் வழக்கமான வளைவெல்லை மேலும் கீழும் 48 அரைச்சுரங்கள். அவ்வெல்லையிலும் ஒரு படியின் அளவு 9600ஐ 16,384ஆல் வகுத்த ஈவு, அதாவது ஏறத்தாழ 0.6 சென்ட். இது செவி பிரித்தறியும் அளவினும் நுண்ணியது.

2. புதிய பதிப்பில் அமைந்த மாற்றம்

பெர்லின் நகரைச் சேர்ந்த ஏபிள்டன் நிறுவனம் 2001 முதல் லைவ் மென்பொருளை வெளியிட்டு வருகிறது. 2021இல் வந்த 11ஆம் பதிப்பு எம்.பி.இ. ஆதரவைப் பெற்றது. 12ஆம் பதிப்பு, சுருதியமைப்பைத் தனிக் கருவியின் அமைப்பாக அன்றிப் பணிக்கோப்பு முழுவதற்குமான அமைப்பாக மாற்றியது. லாஜிக் புரோ போன்ற மென்பொருள்களில் பன்னிரு சுரங்களின் இசைவைச் சற்றே நகர்த்தும் வசதி நெடுங்காலமாக உண்டு. தாயிக்கு எத்தனை சுரம் என்பதையே மாற்றவிடுவதும், திரையில் சுரங்களைக் காட்டும் கட்டங்களும் அதற்கேற்ப மாறுவதுமே இப்பதிப்பின் தனிச்சிறப்பு. 22 அலகு அமைப்பை ஏற்றினால் ஒரு தாயிக்கு 22 வரிசைகள் திரையில் தோன்றும்.

சுருதியமைப்பு ஸ்கேலா என்னும் எளிய எழுத்துக்கோப்பு வடிவில் தரப்படுகிறது. மானுவேல் ஓப் தெ கோல் உருவாக்கிய ஸ்கேலா நிரலிலிருந்து வந்த இவ்வடிவம், இத்துறையில் பொதுவடிவமாக நிலைத்துள்ளது. அதன் கட்டமைப்பு வருமாறு: முதல் வரியில் அமைப்பின் விளக்கம், இரண்டாம் வரியில் சுரங்களின் எண்ணிக்கை, அடுத்தடுத்த வரிகளில் ஒவ்வொரு சுரத்தின் இடம். புள்ளியுடன் எழுதிய எண் சென்ட் அளவாகவும், புள்ளியின்றி எழுதிய பின்னம் அதிர்வெண் விகிதமாகவும் கொள்ளப்படும். ஆதார சுரம் எழுதப்படுவதில்லை. இறுதி வரி மேல்தாயியின் ஆதார சுரத்தைக் குறிக்கும். வியப்புக்குறியில் தொடங்கும் வரிகள் குறிப்புரைகள். இதன் விரிவாக ஏபிள்டன் வகுத்த கோப்புவடிவில் ஆதார அதிர்வெண்ணையும் சுரப் பெயர்களையும் சேர்க்கலாம். ஓதுவாரின் கட்டைக்கு ஏற்பக் குரலின் அதிர்வெண்ணை அமைத்து, குரல், துத்தம், கைக்கிளை எனப் பெயரிட்டே அமைப்பைப் படைக்க இயலும் என்பது இதன் பொருள்.

இதில் மூன்று வரம்புகளைக் கருத வேண்டும். முதலாவது, மிடி எண்கள் 128 மட்டுமே என்பதால், தாயிக்கு 24 சுரங்கள் கொண்டால் ஐந்தே கால் தாயிகளுக்குச் சற்று மேலாகவே இடம் கிடைக்கும். மிடற்றிசைக்கு இது போதுமானது. இரண்டாவது, பிற நிறுவனங்களின் ஒலிக்கருவிகள் எம்.பி.இ. செய்தியை ஏற்பனவாக இருந்தால்தான் இச்சுருதியமைப்பைப் பின்பற்றும். வளைவெல்லை இருபுறமும் ஒத்திருக்கவும் வேண்டும். மூன்றாவது, இவ்வசதி மிடிச் சுரங்களுக்கு மட்டுமே உரியது. பதிவு செய்யப்பட்ட குரலை இது மாற்றுவதில்லை. எனவே இது ஓதுவாரின் பாடலுக்கு அருகில் வைத்து ஒப்பிடுவதற்கான அளவுகோலேயன்றி, அப்பாடலை மாற்றும் கருவியன்று.

3. அலகுக் கணக்கை ஒலிக்கச் செய்தல்

சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரைமரபு தரும் அலகுக் கணக்கு நன்கறியப்பட்டது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. தஞ்சையில் வாழ்ந்த மருத்துவரும் இசையாய்வாளருமான ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் தாயியின் முழு அலகு 24 எனவும், அவை சம அளவின எனவும் நிறுவ முற்பட்டார். ஆயப்பாலைக்கு 12, வட்டப்பாலைக்கு 24, திரிகோணப்பாலைக்கு 48, சதுரப்பாலைக்கு 96 என்பது அவர் பகுப்பு. கைக்கிளையிலும் விளரியிலும் ஓரோர் அலகு குறைத்து இசைப்பதாலேயே 22 என்னும் எண் தோன்றியது என்பது அவர் தரும் விளக்கம். 1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல், சுரங்களுக்கிடையிலான விகிதக் கணக்கின் வழியே இச்சிக்கலை அணுகியது.

இக்கொள்கைகளை மூன்று ஸ்கேலா கோப்புகளாக எழுதலாம். முதற்கோப்பில் தாயி 22 சமக் கூறுகளாகப் பகுக்கப்படும்; ஓர் அலகு 54.55 சென்ட். இரண்டாம் கோப்பில் 22 இடங்களும் 256/243, 16/15, 10/9, 9/8 எனத் தொடரும் இயற்கை விகிதங்களால் அமையும். மூன்றாம் கோப்பில் தாயி 24 சமக் கூறுகளாகும். ஓர் அலகு 50 சென்ட்.

இனி அலகை எவ்வாறு எண்ணுவது என்னும் வினா எழுகிறது. ஒரு சுரத்துக்குரிய அலகு, அச்சுரத்தை வந்தடையும் இடைவெளியா, அச்சுரத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் இடைவெளியா? வந்தடையும் இடைவெளி எனக் கொண்டால், குரலிலிருந்து துத்தம் 4, கைக்கிளை 7, உழை 9, இளி 13, விளரி 16, தாரம் 18 ஆகிய அலகுகளில் அமையும். இவ்வெண்ணலில் மூன்று கோப்புகளும் தரும் இடங்கள் சென்ட் அளவில் வருமாறு. 24 அலகுக் கோப்பில் பண்டிதரின் முழு அலகுகளான 4, 4, 4, 2, 4, 4, 2 கொள்ளப்பட்டுள்ளன.

துத்தம்: 22 சமப்பகுப்பு 218, 22 விகிதம் 204, 24 சமப்பகுப்பு 200
கைக்கிளை: 382, 386, 400
உழை: 491, 498, 500
இளி: 709, 702, 700
விளரி: 873, 884, 900
தாரம்: 982; 996; 1000

மூன்றுமே இன்றைய அரிகாம்போதியின் சுரவரிசையை ஒத்தவை. செம்பாலையை அரிகாம்போதியாகக் கொள்வோரின் கருத்துக்கு இவ்வெண்ணல் இயைகிறது. மாறாக, அலகை அடுத்த சுரத்துக்குச் செல்லும் இடைவெளியாகக் கொண்டால் இடங்கள் 4, 8, 11, 13, 17, 20 என மாறும். 22 சமப்பகுப்பில் உழை 600 சென்ட்டிலும் தாரம் 1091 சென்ட்டிலும் நிற்க, கல்யாணியை ஒத்த வரிசை கிடைக்கும். ஏட்டில் ஒரே கணக்காகத் தோன்றுவது, எண்ணும் திசை மாறியதும் வேறு பாலையாகிவிடுகிறது. மென்பொருளில் இவ்விரு வரிசைகளையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து மாணவர்க்கு விளக்குவது சில நிமிடப் பணியே.

இவ்வட்டவணையிலிருந்து மற்றொரு செய்தியும் தெளிவாகிறது. 24 சமப்பகுப்பில் முழு அலகுகளைக் கொண்ட வரிசை, விசைப்பலகையின் பன்னிரு சுரங்களோடு முற்றும் ஒத்துவிடுகிறது. பண்டிதரின் கொள்கை விசைப்பலகையிலிருந்து வேறுபடும் இடம், ஓர் அலகு குறைக்கப்படும் கைக்கிளையும் விளரியுமே. பிற சுரங்கள் இடம்பெயராமல் அவ்விரண்டை மட்டும் ஓரலகு இறக்கினால், கைக்கிளை 350 சென்ட்டிலும் விளரி 850 சென்ட்டிலும் அமையும். விகிதமுறை கூறும் கைக்கிளைக்கும் இதற்கும் இடையே 36 சென்ட் வேறுபாடு உண்டு. அளவைப் பிழையில் மறைந்துவிடாத அளவு பெரிய வேறுபாடு இது. எனவே, 22ஆ 24ஆ என்னும் நூற்றாண்டுக்கால விவாதத்தில் ஒலிச்சான்றால் ஆராயத்தக்க கூறு, முழு அலகு எண்ணிக்கையைவிட இவ்விரு சுரங்களின் நிலையே எனலாம்.

பண்டிதர் 1916இல் பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை முன்வைத்தபோது, தம் மகளிரைக் கொண்டு இசைத்துக் காட்டச் செய்தார். அவையோர் செவியால் தேர்ந்து முடிவு காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். கோட்பாட்டை ஒலியாக்கிக் கேட்டு ஆராயும் அம்முறையை, தேர்ந்த வீணைக் கலைஞர் உடனில்லாத வகுப்பறையிலும் பின்பற்ற இப்புதிய வசதி துணைசெய்கிறது.

4. செவிப்புலனில் வேறுபாடு

பதினான்கு சென்ட் வேறுபாடு செவிக்குப் புலப்படுமா என்னும் ஐயம் எழலாம். ஆதார சுருதி தொடர்ந்து ஒலிக்கும்போது இதற்கு விடை கிடைக்கும். ஏறத்தாழ ஐந்து கட்டைக்கு அருகிலுள்ள 200 ஹெர்ட்ஸைக் குரலாகக் கொள்வோம். கைக்கிளை, விகிதமுறையில் 250 ஹெர்ட்ஸ், 22 சமப்பகுப்பில் 249.35 ஹெர்ட்ஸ், விசைப்பலகையில் 251.98 ஹெர்ட்ஸ் ஆகும். தம்புராவின் ஐந்தாம் மேற்சுரம் 1000 ஹெர்ட்ஸ். கைக்கிளையின் நான்காம் மேற்சுரம் விகிதமுறையில் அதனோடு ஒன்றிவிடும். 22 சமப்பகுப்பில் 997.4, விசைப்பலகையில் 1007.9 என விலகி நிற்கும். இவ்விலகலே விம்மலாகக் கேட்கும்: முறையே விம்மலின்மை, நொடிக்கு இரண்டு அல்லது மூன்று, நொடிக்கு எட்டு.

தம்புரா ஒலியோடு மூன்று கோப்புகளையும் மாற்றி மாற்றி ஏற்றி நீண்ட கைக்கிளையைக் கேட்டால் இவ்வேறுபாட்டைப் பயிற்சியுள்ளோர் உணர இயலும். தம்புரா இன்றித் தனியே கேட்டால் வேறுபாடு மங்கிவிடும். ஆகவே ஒப்பீட்டை ஆதார சுருதியோடு நிகழ்த்துவது இன்றியமையாதது. இசைப்பள்ளி மாணவர் சமப்பகுப்புச் சுருதி கொண்ட விசைக்கருவியோடு நாள்தோறும் பயில்வதும், தம்புராவோடு பயில்வதும் செவிப்பழக்கத்தில் ஒன்றல்ல என்பதையும் இக்கணக்கு உணர்த்துகிறது.

5. சுர இடமும் சுர அசைவும்

இதுவரை கூறியவை சுரங்களின் நிலையிடம் பற்றியவை. பண்ணின் உருவம் நிலையிடங்களால் மட்டும் அமைவதன்று. கருவூர்த் தேவரின் கங்கைகொண்ட சோளேச்சரத் திருவிசைப்பாவுக்குரிய பண் பஞ்சமம். இன்று ஆகிரி இராகத்தில் பாடப்படுகிறது. சுந்தரரின் திருமழபாடிப் பதிகத்துக்குரிய பண் நட்டராகம். இதற்கு இணையாக வழங்கும் இராகம் பந்துவராளி. ஆகிரியின் சுரங்களை ஏறுவரிசை இறங்குவரிசையாக மென்பொருளில் ஒலித்தால், எத்துணை நுட்பமான சுருதியமைப்பை ஏற்றியிருந்தாலும், கேட்போர் அதனை ஆகிரியாக இனங்காண்பது அரிது. அசைவும் பற்றும் வழுக்கலும் நிறுத்தமும் கூடியே அந்த இராகம் உருப்பெறுகிறது. கானல்வரியில் சுட்டப்படும் உந்தல், உறழ்தல், உருட்டல் முதலிய இசைக்கரணங்கள், யாழிசையிலும் சுரத்தைக் கையாளும் முறை தனித்துப் பேசப்பட்டமையைக் காட்டுகின்றன.

அளவியல் ஆய்வுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. ஜைராஸ்போய், ஸ்டோன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட ஆய்வு, வடஇந்தியக் கலைஞர்களின் சுர நிலைகள் ஒரே அளவாக நில்லாமல் மாறுபடுவதைச் சுட்டியது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை நடைபெற்ற காம்ப்மியூசிக் திட்டம் கருநாடக இசைப் பதிவுகளைக் கணினியால் ஆராய்ந்தது. இத்தகைய ஆய்வுகளில் கமகம் பெறும் சுரம், ஒரு புள்ளியாக அன்றி அகன்ற பரவலாகவே வெளிப்படுகிறது. அப்பரவலின் நடுப்புள்ளியை எடுத்து, இதுவே ஓதுவார் பாடிய அலகு என்று கூறுவது முறையான முடிபாகாது. அசையாமல் நீட்டிப் பாடப்படும் குரல், இளி, கார்வை பெறும் பிற சுரங்கள் ஆகியவற்றில் மட்டுமே அலகு ஒப்பீடு பொருளுடையதாகும்.

கமகத்தைக் கணினியில் அமைக்கும் முயற்சி தமிழ்நாட்டிலும் நிகழ்ந்துள்ளது. சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் உருவாக்கிய காயக என்னும் மென்பொருள், சுரக்குறிப்பை உள்ளீடாகப் பெற்றுக் கமகத்துடன் ஒலிக்கச் செய்வது. லைவ் போன்ற பொது மென்பொருளில் இதற்கு இணையான வழி, எம்.பி.இ. வளைவுக் கோட்டைச் சுரந்தோறும் கையால் வரைவதே. ஒரு பதிகத்தின் ஓரடிக்கே இது மிகுந்த உழைப்பை வேண்டும். ஆயினும், ஓதுவார் பாடியதைக் கேட்டு அதே வளைவை வரைய முயலும் மாணவர், அசைவு எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை வேறெந்தப் பயிற்சியிலும் பெறாத நுணுக்கத்தோடு கவனிக்க நேர்கிறது. கற்பித்தற் கருவியாக இதன் பயன் குறிப்பிடத்தக்கது.

6. கள ஒலிப்பதிவுகளில் எழும் சிக்கல்கள்

சுருதியமைப்பு வசதி அளவுகோலாகப் பயன்பட, அதே மென்பொருள்களிலுள்ள வேறு சில வசதிகள் தரவையே மாற்றிவிடும் இயல்பின.

லைவ் 12.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஆட்டோ ஷிஃப்ட், பாடும் குரலின் சுருதியைக் கண்டறிந்து தேர்ந்தெடுத்த சுரவரிசைக்கு இழுத்து நிறுத்தவல்லது. பாடலைச் செம்மை செய்யும் ஒலிப்பொறியாளர்க்கு இது உதவி. கோயிற் பதிவுக்கு இதனைப் பயன்படுத்தினால் கைக்கிளை 386இல் நின்றதா 350இல் நின்றதா என்னும் வினாவுக்குரிய சான்றே அழிந்துவிடும். மெட்டை மிடியாக மாற்றும் கட்டளையும் அத்தகையதே. அது உருட்டலை அடுத்தடுத்த விசைச் சுரங்களாகத் துண்டித்துக் காட்டும். அவ்வெளியீட்டைப் பண்ணின் சுரக்குறிப்பாகக் கொள்ளல் ஆகாது.

மற்றொரு வளர்ச்சி, கலவையொலியிலிருந்து தனித்தனி ஒலிகளைப் பிரித்தெடுத்தல். எஃப்எல் ஸ்டுடியோவின் 21.2 பதிப்பு 2023 டிசம்பரிலும், லாஜிக் புரோவின் 11ஆம் பதிப்பு 2024 மே மாதத்திலும் இவ்வசதியைக் கொணர்ந்தன. தொடக்கத்தில் குரல், தாளக்கருவி, பேஸ், பிற என்னும் நான்கு பிரிவுகளே அமைந்தன. இத்துறை ஆய்வில் பெரிதும் பயன்படும் மியூஸ்டிபி18 தரவுத்தொகுப்பின் 150 பாடல்களும் இந்நான்கு பிரிவுகளாகவே வகுக்கப்பட்டவை. நாகசுரத்துக்கோ தவிலுக்கோ இப்பகுப்பில் தனியிடம் இல்லை. வழிபாட்டு நேரத்தில் செய்த பதிவில் மணியொலி, தாளம், சுருதிப்பெட்டி, மக்கள் பேச்சு ஆகியவற்றிலிருந்து ஓதுவார் குரலைப் பிரிப்பது கவர்ச்சியான வாய்ப்பே. ஆயினும், குரல் ஆதார சுருதியோடு ஒன்றி நிற்கும் இடங்களில் இரண்டின் மேற்சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. பிரிப்பு மிகவும் தடுமாறக்கூடிய இடமும், அலகு ஒப்பீட்டுக்குத் தகுதியான நிலைச்சுர இடமும் ஒன்றாகவே இருப்பது இதன் அடிப்படைச் சிக்கல். எனவே பிரித்தெடுத்த ஒலி, பாடலடியைத் தெளிவாகக் கேட்டு எழுதத் துணையாகலாம். சுருதி அளவைக்கு மூலச்சான்றாகாது.

இக்கருத்துகளின் அடிப்படையில் பின்வரும் நெறிகளைப் பரிந்துரைக்கலாம்:

(1) மூலப் பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்கமில்லாக் கோப்பாகப் பேண வேண்டும். இது ஒலி ஆவணங்களுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வழிகாட்டி கூறும் குறைந்த அளவு. மாற்றங்கள் யாவும் படியில் மட்டுமே செய்யப்பட வேண்டும்.

(2) சுருதி வரைவை மூலப் பதிவிலிருந்தே பிராத், சோனிக் விஷுவலைசர் போன்ற கட்டற்ற பகுப்பாய்வு நிரல்களால் பெற வேண்டும். இசையாக்க மென்பொருள் ஒப்பீட்டு ஒலியை உண்டாக்குவதற்கு மட்டும் பயன்பட வேண்டும்.

(3) பயன்படுத்திய சுருதியமைப்புக் கோப்பின் முழு எழுத்துவடிவம், குரலின் அதிர்வெண், அலகு எண்ணிய திசை ஆகிய மூன்றும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். இவை இல்லாமல் முடிவைப் பிறர் சரிபார்க்க இயலாது.

(4) சுரத்திருத்த வசதிகள் அணைக்கப்பட்டிருந்தமை பதிவுக் குறிப்பில் சுட்டப்பட வேண்டும்.

(5) ஓதுவாரின் இசைவு, பாடம் கேட்ட குருவழி, உடனிசைத்த கருவி, பதிவு நிகழ்ந்த சூழல் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். விசைக்கருவியோடு பாடியதற்கும் தம்புராவோடு பாடியதற்கும் சுருதி நிலையில் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால் இக்குறிப்பு தரவின் பகுதியேயாகும்.

முடிவுரை

தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திவரும் பண் ஆராய்ச்சி மரபு, ஓதுவார்களையும் இசைப்புலவர்களையும் ஒரே அவையில் அமர்த்திக் கேட்டுத் தேர்ந்து முடிவு காணும் முறையை வளர்த்தது. புதிய சுருதியமைப்பு வசதி அம்மரபுக்கு ஒரு துணைக்கருவியைச் சேர்த்துள்ளது. 22 அலகு, 24 அலகு என்னும் கொள்கைகளை ஒலியாகக் கேட்டு ஒப்பிடவும், அலகு எண்ணும் திசையால் பாலை மாறுவதை மெய்ப்பிக்கவும், கொள்கைகள் உண்மையில் எச்சுரங்களில் முரண்படுகின்றன என்பதைத் தெளிவுபடுத்தவும் அது பயன்படுகிறது. அம்முரண் கைக்கிளை, விளரி ஆகிய இரண்டிலேயே திரண்டு நிற்பது மேற்காட்டிய கணக்கால் விளங்கும். எக்கொள்கை சரி என்னும் முடிவை மென்பொருள் தருவதில்லை. அதற்குரிய சான்று திருமழபாடியிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் பாடுவோர் மிடற்றிலும், பெரம்பலூர் இசைப்பள்ளியின் தேவார வகுப்பிலும் உள்ளது. நிலைச்சுரங்களில் கைக்கிளையும் விளரியும் நிற்கும் இடத்தை, திருத்தப்படாத பதிவுகளிலிருந்து அளந்து தொகுப்பதே அடுத்த கட்ட ஆய்வாக அமையத் தக்கது.